வேறொருவர் குடுவையில் நடக்கிற வினை

அந்த மின்னஞ்சல் நான்கே வரி. அனுப்பியவர் எனக்கு அறிமுகமில்லாத ஓர் ஆய்வு மாணவர். உங்கள் கட்டுரையில் உள்ள வினையை ஏழு முறை செய்து பார்த்துவிட்டேன், ஒருமுறைகூட விளைபொருள் கிடைக்கவில்லை, நான் எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். தவறு தன்னுடையது என்றே அவர் முடிவு கட்டியிருந்தார். அச்சில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு.

கரிம வேதியியலில் எனக்கு முப்பது வருட அனுபவம் ஆகப்போகிறது. உங்கள் ஆராய்ச்சியின் தாக்கம் என்ன என்று யாராவது கேட்டால், மற்றவர்கள் என் கட்டுரைகளை மேற்கோள் காட்டிய எண்ணிக்கைக்கு முன்னால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த நான்கு வரிதான்.

அப்போது சொந்தமாக ஆய்வுக்குழு ஆரம்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கட்டுரைதான். இரண்டு பென்சீன் வளையங்களை இணைப்பதற்குப் பொதுவாகப் பல்லேடியம் வினையூக்கி வேண்டும். ஹெக், நெகிஷி, சுசுகி மூவரும் 2010இல் நோபல் பரிசு வாங்கியது இந்த வகை இணைப்பு வினைகளுக்காகத்தான். ஆனால் பல்லேடியம் விலை அதிகம். மருந்தாகப் போகிற பொருளில் அது மிஞ்சக் கூடாது என்பதால், வினை முடிந்த பிறகு அதை நீக்குவதே பெரிய வேலை. உலோகமே சேர்க்காமல் அந்த இணைப்பைச் செய்துவிட்டோம் என்று நாங்கள் எழுதியிருந்தோம். மேற்கோள்கள் மளமளவென்று ஏறின.

முதலில் வழக்கமான யோசனைகளை எழுதி அனுப்பினேன். ஆரம்பப் பொருளில் ஒன்றான போரானிக் அமிலத்தைப் புது பாட்டிலில் இருந்து எடுங்கள், கரைப்பானில் ஆக்சிஜன் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம். பத்து நாளில் பதில் வந்தது. எல்லாம் செய்துவிட்டேன், வரவில்லை.

அப்புறம்தான் எங்கள் லேபிலேயே செய்து பார்க்கச் சொன்னேன். கட்டுரையின் முதல் ஆசிரியரான மாணவர் செய்தார். 82% விளைச்சல். நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் இன்னொரு மாணவியிடம் அதே பாட்டில்கள், அதே மேசை, அதே எண்ணெய்த் தொட்டியைக் கொடுத்துச் செய்யச் சொன்னேன். மாலையில் டி.எல்.சி. தட்டை, கலவையில் உள்ள பொருட்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டுகிற சிறு தட்டை, எடுத்துக்கொண்டு வந்தார். புற ஊதா விளக்கின் கீழே ஆரம்பப் பொருளின் புள்ளி மட்டும் கருப்பாக இருந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை.

“அவருக்குக் கைராசி மேடம்,” என்றார் அந்த மாணவி. லேபில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துறையில் ஒருவருக்குக் கைராசி என்று பேச்சு வந்தால், நோட்டில் எழுதாத ஏதோ ஒன்று வினைக்குள் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் அந்த மாணவரின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தொடக்கம் முதல் பார்த்தேன். எடை போட்டார், கரைப்பானை ஊற்றினார், காரத்தைச் சேர்த்தார். எல்லாம் கட்டுரையில் உள்ளபடியே. கடைசியில் தன் இழுப்பறையைத் திறந்து ஒரு காந்தக் கலக்கியை எடுத்துப் போட்டார். சிறு காந்தத்தின் மேல் வெள்ளை டெஃப்ளான் உறை போட்ட அந்தத் துண்டை எல்லா லேபிலும் கழுவிக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவார்கள். அவருடையதில் ஒரு முனை சாம்பல் நிறமாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. இதை முன்னால் எதற்குப் பயன்படுத்தினாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, முதல் வருடத்தில் பல்லேடியம்-கரி வைத்து ஹைட்ரஜனேற்றம் செய்தபோது என்றார்.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். புதுக் குடுவை, புதுக் கலக்கி: விளைபொருள் இல்லை. புதுக் குடுவை, பழைய கலக்கி: 80%. பழைய கலக்கியை ராஜ திராவகத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவிய பிறகு: ஒற்றை இலக்க விளைச்சல். வினைக் கலவையை மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் கண்டுபிடிக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். பகுப்பாய்வுக்கு அனுப்பினோம். பல்லேடியம் இருந்தது. உலோகமில்லாத வினை என்று நாங்கள் எழுதியது, டெஃப்ளானின் கீறல்களுக்குள் மறைந்திருந்த உலோகம் செய்த வினை.

அந்த மாணவர் பொய் சொல்லவில்லை. எழுதியபடிதான் செய்தார், வந்த எண்ணைத்தான் எழுதினார். வேறு ஒருவரை வேறு கலக்கியோடு செய்ய வைக்காமல் கட்டுரையை அனுப்பியது நான். கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். என்ன நடந்தது என்பதைக் கலக்கியின் படத்தோடு சேர்த்து ஒரு சிறு கட்டுரையாக எழுதினோம். அவருடைய ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது, அதற்காக ஆறு மாதம் கூடுதலாக ஆனது. அந்த ஆறு மாதத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

திரும்பப் பெறலாம் என்ற தைரியம் எங்களுக்கு வந்ததற்கு முன்னுதாரணங்கள் காரணம். நிக்கோலஸ் லெட்பீட்டர் குழு 2003இல் உலோகமே இல்லாத சுசுகி வினை என்று எழுதியிருந்தது. 2005இல் அதே குழு அதை மறுபடி ஆராய்ந்து, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 50 பி.பி.பி. அளவு இருந்த பல்லேடியம்தான் வேலையைச் செய்கிறது என்று தானே எழுதியது. நூறு கோடியில் ஐம்பது பங்கு! அந்த இரண்டாவது கட்டுரையைப் படித்த பிறகுதான் துறையில் பலர் தங்கள் உப்புப் பாட்டிலையே சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்கும் முன்னால், குரோமியம் குளோரைடை வைத்துச் செய்யும் ஒரு வினை சில பாட்டில்களில் நடக்கும், சிலவற்றில் நடக்காது என்ற நிலை இருந்தது. கிஷி குழுவும் நோசாகி குழுவும் 1986இல் தனித்தனியாகக் கண்டுபிடித்தது, நடக்கிற பாட்டிலில் நிக்கல் மாசு இருக்கிறது என்பதை. இன்றைக்கு நிக்கலை அளந்து சேர்த்தே அந்த வினையைச் செய்கிறோம். மாசைத் தேடிப் போனவர்களால்தான் அது நம்பகமான வினையாக ஆனது. 2019இல் அனனிகோவ் குழு காந்தக் கலக்கிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, கீறல்களில் உலோகம் எப்படித் தங்குகிறது என்று விரிவாகக் காட்டியபோது, அந்தப் படங்களை லேப் சுவரில் ஒட்டினேன்.

எங்கள் லேபில் அன்றிலிருந்து இரண்டு விதிகள். உலோக வினைகளுக்கான கலக்கிகள் தனி டப்பாவில் இருக்கும், வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. எந்தக் கட்டுரை வெளியே போவதற்கு முன்னாலும், அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவர் எழுத்தில் உள்ளதை மட்டும் பார்த்து முக்கிய வினையைச் செய்து முடிக்க வேண்டும். இது புதுமையான யோசனை ஒன்றுமில்லை. 1921இல் தொடங்கிய ஆர்கானிக் சிந்தசிஸ் என்ற தொகுப்பில், ஆசிரியர் குழு உறுப்பினர் ஒருவரின் லேபில் செய்து பார்த்த பிறகுதான் ஒவ்வொரு செய்முறையும் அச்சாகிறது. அதில் வந்த செய்முறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிச் செய்யலாம் என்று என் கைடு சொல்வார். நானும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறேன்.

மேற்கோள் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளம் ஆய்வாளர்கள் என்னிடம் அதிகம் கேட்பது அதைத்தான். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தது ஹெச்-இண்டெக்ஸ். ஒருவருடைய இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. கணக்கு அவ்வளவுதான். கட்டுரை எதற்காக மேற்கோள் காட்டப்பட்டது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. நாங்கள் திரும்பப் பெற்ற கட்டுரைக்கு இன்னும் மேற்கோள் வந்துகொண்டிருக்கிறது. படிக்காமலே பழைய பட்டியலில் இருந்து எடுத்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் மனசு சுருக்கென்று இருக்கும், உடனே அவர்களுக்கு எழுதுவேன்.

எண்ணில் வராத தாக்கமும் உண்டு. கரிம வேதியியலில் அன்றாடம் பயன்படும் கிரிக்னார்டு வினைபொருளைத் தயாரிக்கும் ஒருவரும் 1900ஆம் வருடக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. அது எல்லோருடைய கைப்பழக்கமாக ஆகிவிட்டது. ஓர் இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று சொல்லும் தாக்கக் காரணியைப் பொதுவாக முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் எங்கள் துறையில் மிக அதிகம் பயன்படும் கட்டுரைகள் சில அந்தக் கணக்குக்குள் அடங்காதவை. ஸ்டில், கான், மித்ரா மூவரும் 1978இல் எழுதிய ஃபிளாஷ் காலம் (column) முறை அப்படி. கண்ணாடிக் குழாயில் நிரப்பிய சிலிக்கா வழியாகக் கலவையைப் பிரிக்கிற முறை அது. 230-400 மெஷ் அளவுள்ள நுண்ணிய சிலிக்கா, மேலிருந்து காற்றழுத்தம், நிமிடத்துக்கு இரண்டு அங்குல வேகத்தில் கரைப்பான் இறங்க வேண்டும், டி.எல்.சி.யில் புள்ளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு (ஆர்.எஃப். 0.35) ஏறுகிற கரைப்பானைத் தேர்ந்தெடு. இவ்வளவுதான் சாரம். ஒரு நாள் பிடித்த வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது. காட்லீப், கோட்லியார், நுடெல்மன் மூவரும் 1997இல் வெளியிட்டது வெறும் அட்டவணை. சாதாரணக் கரைப்பான்கள் மாசாக மிஞ்சினால், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலையில் எந்த இடத்தில் தெரியும் என்ற பட்டியல். டியூட்டரோகுளோரோஃபார்ம் என்ற கரைப்பானில் எத்தில் அசிடேட்டின் கோடுகள் 4.12இலும் 2.05இலும் 1.26இலும் வரும். புதிதாக வருகிற மாணவர் 4.12இல் நான்காகப் பிரிந்து தெரிகிற அந்தக் கோட்டை (குவார்ட்டெட்) பார்த்துத் தன் விளைபொருள் என்று சந்தோஷப்படுவார். நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தப் பட்டியல் எத்தனை லேப்களில் எத்தனை பேரின் எத்தனை நாட்களை மிச்சப்படுத்தியிருக்கும்!

என் அனுபவத்திலும் இப்படித்தான். ஓர் இயற்கைப் பொருளின் முழுத் தொகுப்புக்கு, அதாவது எளிய பொருட்களில் தொடங்கி அதை லேபிலேயே உருவாக்குவதற்கு, ஆறு வருடம் செலவழித்தோம். 22 படிகள். ஒவ்வொரு படியிலும் 80% வந்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இருபத்திரண்டு முறை பெருக்கினால் ஒரு சதவீதம்கூடத் தேறாது. 90% வந்தால் பத்து சதவீதத்துக்கு நெருக்கமாக வரும். ஒவ்வொரு படியிலும் அந்தப் பத்து சதவீதத்துக்காக ஏன் இரவெல்லாம் நிற்கிறோம் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். கடைசியில் எங்களிடம் இருந்தது மூன்று மில்லிகிராம். குடுவையின் அடியில் வெள்ளையாக ஒரு படலம், சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அதன் என்.எம்.ஆர். இயற்கைப் பொருளோடு கோடு கோடாகப் பொருந்திய அந்த ராத்திரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் மிகக் கொஞ்சம். ஆனால் ஒன்பதாவது படிக்கு எங்களுக்கு ஒரு கைரல் லிகண்ட் (உலோகத்தோடு இணைந்து, விளைபொருளின் இடக்கை-வலக்கை வடிவங்களில் ஒன்றை மட்டும் உருவாக்க உதவும் மூலக்கூறு) நிறைய வேண்டியிருந்தது. அன்றிருந்த முறையில் ஒவ்வொரு கிராமையும் சுத்தப்படுத்தப் பெரிய சிலிக்கா காலம் போட வேண்டும். ஒரு மாணவி எட்டு மாதம் விடாமல் கரைப்பான் கலவைகளை மாற்றி மாற்றிப் பார்த்து, காலமே போடாமல் அதைப் படிகமாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சூடான கரைசலை ஆறவிடும்போது ஒரு கட்டத்தில் லேசாகக் கலங்கும். அந்தக் கலங்கல் மறைகிற அளவுக்கு மட்டும் திரும்பச் சூடாக்கி, பழைய படிகம் ஒன்றை மணல் அளவுக்குப் போட்டு, போர்வை சுற்றி, யாரும் தொடாமல் ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் ஊசி ஊசியாக நிற்கும். 50 கிராம் ஒரே தடவையில். நான்கு பக்கக் குறிப்பாக வெளியிட்டோம். எங்கள் குழுவின் வேலையில் உலகம் அதிகம் பயன்படுத்துவது அந்த நான்கு பக்கம்தான். மருந்து நிறுவனங்களின் லேப்களில் இருந்துகூட எழுதிக் கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கட்டுரை எழுதுவதில்லை, எனவே மேற்கோளும் இல்லை.

அதற்காக முழுத் தொகுப்பு வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். அந்த மலையில் ஏறாமல் இருந்திருந்தால் அந்த லிகண்ட் எங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. வைட்டமின் பி12ஐ உட்வர்டும் எஷன்மோசரும் சேர்ந்து 1972இல் தொகுத்து முடித்தார்கள். பத்து வருடத்துக்கு மேல், ஏறக்குறைய நூறு பேரின் உழைப்பு. அந்த வழியில் ஒரு வளையம் மூடிய விதம் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்ததை உட்வர்டு விடாமல் யோசித்ததில் இருந்து கிளம்பியவைதான் 1965இல் வந்த உட்வர்டு-ஹாஃப்மன் விதிகள், இத்தகைய வினைகள் எந்த வடிவத்தில் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்பவை. பி12ஐ அந்த வழியில் இன்று யாரும் தயாரிப்பதில்லை. விதிகளை வேதியியல் படிக்கும் ஒவ்வொருவரும் படிக்கிறார்கள். பெரிய இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் இடறுகிற கல்லையும் உட்கார்ந்து பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வது இதை வைத்துத்தான்.

இன்னொரு சின்ன விஷயம். முன்னெழுத்தை ஒரு கட்டுரையில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டதால், தரவுத்தளங்களில் நான் பல வருடம் மூன்று வேறு ஆட்களாக இருந்தேன். ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண் 2012இல் இருந்து இருக்கிறது. முதல் கட்டுரைக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள், பெயரையும் கடைசிவரை ஒரே மாதிரி எழுதுங்கள்.

இப்போது தேர்வுக் குழுக்களில் உட்காரும்போது விண்ணப்பத்தில் நான் முதலில் திறப்பது கட்டுரையின் துணைத் தகவல் கோப்பை, எஸ்.ஐ. என்று நாங்கள் சொல்வதை. நிறமாலைகளைப் பார்ப்பேன். எத்தில் அசிடேட் கோடு மிஞ்சியிருந்தால் எனக்குக் கவலையில்லை, உண்மையான குடுவையில் இருந்து வந்தது என்று தெரியும். கோடே இல்லாமல் அடிக்கோடு துடைத்து வைத்தது போல இருந்தால்தான் உற்றுப் பார்ப்பேன். மாசுக் கோடுகளைப் படத்தில் இருந்து அழித்து அனுப்புகிறார்கள் என்று ஆர்கானிக் லெட்டர்ஸ் இதழின் ஆசிரியர் ஏமஸ் ஸ்மித் 2013இல் தலையங்கமே எழுத வேண்டியிருந்தது. அப்புறம் செய்முறையைப் படிப்பேன். “−78 டிகிரியில் பியூட்டைல் லித்தியம் சேர்க்கப்பட்டது” என்று மட்டும் இருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த −78 வெளியே இருக்கிற உலர்பனி-அசிட்டோன் தொட்டியின் வெப்பநிலை. வேகமாகச் சேர்த்தால் குடுவைக்குள்ளே வெப்பநிலை சட்டென்று ஏறிவிடும், அதற்குள் பக்க வினை நடந்துவிடும். உள்ளே வெப்பமானி வைத்தாரா, எத்தனை நிமிடத்தில் சேர்த்தார், குடுவைச் சுவர் வழியாக வழிய விட்டாரா, நிறம் எப்போது மாறியது என்று எழுதுகிறவர், தனக்குத் தெரியாத ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறார். எந்தச் சேர்மங்களில் வினை நடக்கவில்லை என்பதையும் எழுதியிருந்தால் அந்த விண்ணப்பத்தைத் தனியே எடுத்து வைப்பேன்.

அந்த நான்கு வரி எழுதிய மாணவருக்கு, கலக்கி விஷயம் உறுதியான அன்றே பதில் அனுப்பினேன். தவறு உங்களுடையது அல்ல, எங்களுடையது, உங்கள் ஏழு முயற்சியும் சரியான முடிவைத்தான் காட்டின என்று. சிறு கட்டுரையில் அவருக்கு நன்றி சொல்ல அனுமதி கேட்டேன். சம்மதித்தார். சில மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினார்: அவர்கள் லேபில் புதிதாக ஒரு டப்பா, அதன் மேல் “பல்லேடியம் கலக்கிகள் மட்டும்” என்று எழுதிய பட்டை.

எங்கள் குழுவில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் மாதம் ஒரே வேலைதான். எங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, யாரையும் கேட்காமல் அதில் உள்ள ஒரு வினையைச் செய்ய வேண்டும். கேட்கத் தோன்றுகிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். போன வாரம் புதிதாக வந்த பெண் அந்த நோட்டோடு என் அறைக்கு வந்தார். அந்த லிகண்ட் கட்டுரையைத்தான் எடுத்திருந்தார்.

“மேடம், ‘மெதுவாக ஆறவிடவும்’னு போட்டிருக்கு. எவ்வளவு மெதுவா?”

எனக்குத் தெரியவில்லை. படிகமாக்கிய மாணவியின் லேப் நோட்டை அலமாரியில் இருந்து எடுத்துப் புரட்டினோம். ஓரத்தில் பென்சிலில் இருந்தது: 60 டிகிரியில் இருந்து 25க்கு ஆறு மணி நேரம், எண்ணெய்த் தொட்டியின் சூட்டை அணைத்துவிட்டு அதற்குள்ளேயே விட வேண்டும், வெளியே எடுக்கக் கூடாது. இரண்டு பேரும் உட்கார்ந்து, இதழுக்கு அனுப்புவதற்காக அதைச் சேர்த்து ஒரு திருத்தக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.